எடைப் பயிற்சி ஆலோசனைகள் யாருக்கு என்பதையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்திலும் ஞாயிறு இணைப்பிலும் எடைப் பயிற்சி பற்றிய குறிப்புகள் அண்மைக் காலமாக அடிக்கடி இடம்பெறுவதை மகிழ்ச்சியுடன் கவனித்து வருகிறேன். காலையில் நடந்துவிட்டு வந்தால் போதும் என்று நம்பிவந்த நம் வீடுகளில், தசை வலிமையும் உடல்நலத்தின் ஒரு பகுதி என்ற எண்ணம் மெல்ல வேரூன்றுவது வரவேற்க வேண்டிய மாற்றம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. ஆயினும் ஒரு மாதம் வெளியாகும் குறிப்பு சொல்வதை அடுத்த மாதம் வெளியாகும் குறிப்பு மறுக்கிறது. இரண்டுமே ஐயத்துக்கு இடமில்லாத தொனியில் எழுதப்படுகின்றன. படிக்கும் புதியவர் எதைப் பின்பற்றுவது என்று தெரியாமல் நிற்கிறார். இது குறித்துச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

திண்டுக்கல்லை அடுத்த ஓர் ஊரில் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ரத்தச் சர்க்கரை எல்லையைத் தொட்டு நிற்பதாகச் சொன்ன மருத்துவர் எடைப் பயிற்சியைப் பரிந்துரைத்ததால், நாற்பதை நெருங்கும் வயதில் ஜிம்மில் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளைச் சொன்னாலே சிக்கலின் தன்மை விளங்கும். காலையில் வரும் மாஸ்டர், திங்கட்கிழமை நெஞ்சு, செவ்வாய்க்கிழமை முதுகு, புதன்கிழமை தோள் என்று நாளைக்கு ஒரு பாகமாகப் பிரித்துக் கொடுத்து, வாரத்தில் ஆறு நாளும் வரச் சொன்னார். மாலையில் இருக்கும் மாஸ்டரோ, புதிதாக வருபவர் உடல் முழுவதற்கும் ஒரே நாளில் பயிற்சி செய்ய வேண்டும், வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் வரவே கூடாது என்றார். ஆணழகன் போட்டிகளில் பரிசு வாங்கியவரும் அங்கே எல்லோராலும் அண்ணன் என்று அழைக்கப்படுபவருமான ஒருவர், கை நடுங்கி இனி ஒரு முறைகூடத் தூக்க முடியாது என்ற நிலை வரும் வரை ஒவ்வொரு செட்டையும், அதாவது இடைவிடாமல் தூக்கும் ஒவ்வொரு சுற்றையும், இழுத்தால்தான் தசை வளரும் என்றார். அவரோடு அதே மேடைகளில் ஏறியவரான இன்னொருவர், “அப்படிச் செய்தால் இரண்டு மாதத்தில் சோர்ந்துவிடுவீர்கள் சார், எப்போதும் இரண்டு ரெப்ஸ் மிச்சம் வைத்து நிறுத்துங்கள்” என்றார். ரெப்ஸ் என்பது ஒரு செட்டில் எடையை எத்தனை முறை தூக்குகிறோம் என்ற எண்ணிக்கை. எடையைக் கூட்டி ஆறு ரெப்ஸ் போதும் என்பவரும், எடையைக் குறைத்து இருபது ரெப்ஸ் என்பவரும் அடுத்தடுத்த பென்ச்சில் படுத்திருந்தார்கள். இவர்களில் எவரும் என்னை ஏமாற்ற நினைத்தவர் அல்லர். ஒவ்வொருவரும் தம் உடம்பில் கண்டதை உள்ளன்போடு சொன்னார்கள். அதனால்தான் எவரையும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

எனக்காவது ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்துச் சரிபார்க்கும் பழக்கம் உண்டு. என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் போகும் பிள்ளைகளின் நிலையே என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. கல்லூரியில் சேர்வதற்கு முன்பே அவர்கள் ஜிம்மில் சேர்ந்துவிடுகிறார்கள். வழியில் பார்த்தால் நின்று, “சார், ஃபுல் பாடி நல்லதா, ஸ்ப்ளிட் நல்லதா?” என்று, அதாவது ஒரே நாளில் முழு உடலுக்குமா, நாளைக்கு ஒரு பாகமா என்று கேட்கிறார்கள். வாரத்துக்கொரு அட்டவணையாக மாற்றிக்கொண்டே இருக்கும் பையன் எதிலும் முன்னேறுவதில்லை. முன்னேற்றம் தெரியாததால் இன்னொரு அட்டவணையைத் தேடுகிறான். சிலர் மூன்று மாதத்தில் சலித்துப்போய் நின்றுவிடுகிறார்கள். மிகவும் கவலைக்குரியவர்கள் மூன்றாவது வகையினர். எல்லோரும் முரண்பட்டுப் பேசுவதால், கூடத்தில் யாருடைய கை மிகப் பருமனோ அவர் சொல்வதே சரி என்ற முடிவுக்கு இவர்கள் வந்துவிடுகிறார்கள். அந்தப் பருமனில் தசையை வளர்க்கும் ஹார்மோன் ஊசிக்கு எவ்வளவு பங்கு என்று கேட்கும் துணிவு பதினெட்டு வயதில் எத்தனை பேருக்கு இருக்கும்?

இந்த முரண்பாடுகளில் பெரும்பகுதி, ஓர் ஆலோசனை யாருக்காகச் சொல்லப்பட்டதோ அந்த ஆளைக் கழித்துவிட்டு ஆலோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதால் உண்டாகிறது என்பது என் துணிபு. அடுத்த வீட்டுக்காரருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு நாம் மருந்துக் கடைக்குப் போவதில்லை. பயிற்சி அட்டவணையை மட்டும் அது யாருடையது என்று விசாரிக்காமலே நம்முடையதாக்கிக்கொள்கிறோம்.

எல்லா ஜிம்களிலும் கேட்கும் ‘மூன்று செட், பத்து ரெப்ஸ்’ என்ற வாய்பாட்டையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவராக இருந்த தாமஸ் டெலார்ம், முழங்காலில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களுக்குப் படிப்படியாக எடையைக் கூட்டிப் பயிற்சி கொடுத்து, அதன் பலனை 1945-ல் கட்டுரையாக வெளியிட்டார். தொடக்கத்தில் ஏழு முதல் பத்து செட் வரை செய்யச் சொன்ன அவரே, அது மிகை என்று கண்டு சில ஆண்டுகளில் மூன்று செட்டாகக் குறைத்துக்கொண்டார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டறிந்து, முதல் செட்டில் அதில் பாதி, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழு எடை என்பது அவர் வகுத்த முறை. முழுப் பாரத்தோடு செய்வது அதில் ஒரே ஒரு செட். நம் கூடங்களில் மூன்று செட்டையும் ஒரே எடையில் செய்துவிட்டு அதையே மாற்றக்கூடாத மரபு என்கிறோம். மருத்துவமனையில் காயம்பட்ட காலைத் தேற்றுவதற்குப் பிறந்த ஒரு முறையின் வடிவம் மட்டும் நம்மிடம் தங்கியிருக்கிறது. அவர் உண்மையில் கண்டுபிடித்த பெரிய விஷயமான, எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போவது என்பது பலருடைய பயிற்சியில் காணாமல் போய்விட்டது.

ஆணழகன் உலகின் சண்டை இன்னும் சுவையானது. மிஸ்டர் ஒலிம்பியா பட்டத்தை ஏழு முறை வென்ற அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர், ஒரு பாகத்துக்கே பற்பல செட்டுகளாக, பல காலகட்டங்களில் காலையும் மாலையும் பயிற்சி செய்தவர். அவர் முதல் பட்டத்தை வென்ற அதே 1970-ல் நாட்டிலஸ் என்ற உடற்பயிற்சி இயந்திரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்தர் ஜோன்ஸ், இவ்வளவும் வீண் வேலை, ஒரு பயிற்சிக்கு ஒரே செட் போதும், ஆனால் அந்த ஒன்றைத் துளியும் மிச்சமின்றிச் செய்ய வேண்டும் என்று முழங்கினார். அவருடைய மாணவரான கேசி வியேட்டர் 1971-ல் 19 வயதிலேயே மிஸ்டர் அமெரிக்கா ஆனார். ஜோன்ஸின் கொள்கையை இன்னும் கடுமையாக்கிப் பரப்பிய மைக் மென்ட்சர் 1978-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் முழு மதிப்பெண் பெற்றார். குறைந்த செட் முறையிலேயே டோரியன் யேட்ஸ் 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா ஆனார். நம் நாட்டின் மனோகர் ஐச், ஆங்கிலேயர் சிறையில் கருவிகள் ஏதுமின்றி உடம்பை வளர்த்து, 1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டத்தைத் தம் பிரிவில் வென்று, நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2016-ல் மறைந்தார். இவர்களில் எவருடைய முறை சரி? எல்லோரும் வென்றிருக்கிறார்கள் என்பதாலேயே, வெற்றியை அந்த முறையின் கணக்கில் மட்டும் எழுத முடியாது என்று ஆகிறது.

வேறு எதன் கணக்கில் எழுதுவது என்பதற்கு இரண்டு ஆய்வுகள் எனக்கு வழிகாட்டின. முதலாவது, 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் சலேந்தர் பாசின் குழுவினர் வெளியிட்டது. ஆண்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, பத்து வாரங்களுக்கு இரண்டு குழுவினருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசியும், மற்ற இரு குழுவினருக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் செலுத்தினார்கள்; ஒவ்வொரு வகையிலும் ஒரு குழு எடைப் பயிற்சி செய்தது, மற்றது செய்யவில்லை. வெற்று ஊசியுடன் உழைத்துப் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை ஏறத்தாழ 2 கிலோ கூடியது. ஊசி போட்டுக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருந்தவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல் கூடியது. இரண்டையும் சேர்த்தவர்களுக்கு 6 கிலோ கூடியது. இந்தக் கணக்கை ஒவ்வொரு ஜிம்மின் வாசலிலும் எழுதி வைக்க வேண்டும் என்பேன். ஸ்வார்ஸ்நெகர், யேட்ஸ் போன்றவர்கள் தாங்கள் மருந்து பயன்படுத்தியதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஊசியின் துணையில் இருப்பவர் இருபது செட் செய்தாலும் வளர்வார், இரண்டு செட் செய்தாலும் வளர்வார். எதனால் வளர்ந்தார் என்பது அவருக்கே தெரியாமல் போகலாம். அந்த மருந்தின் விலையாக இதயமும் கல்லீரலும் மகப்பேற்றுத் திறனும் பாதிக்கப்படும் ஆபத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுத வேண்டும்.

இரண்டாவது ஆய்வு 2005-ல் வெளியானது. ஆண்களும் பெண்களுமாக 585 பேருக்கு, அதிகம் பழகாத ஒரு கைக்கு மட்டும் 12 வாரங்கள் ஒரே மாதிரியான பயிற்சியைக் கொடுத்து அளந்தார்கள். சிலருக்குத் தசையின் அளவு கூடவே இல்லை. சற்றுக் குறைந்தும் இருந்தது. ஒருவருக்கு 59 சதவீதம் வரை கூடியது. வலிமையோ சிலருக்கு நின்ற இடத்திலேயே நிற்க, ஒருசிலருக்கு இரட்டிப்பையும் தாண்டிப் போனது. ஒரே அட்டவணை, ஒரே கால அளவு, இத்தனை வேறுபாடு. அந்த 59 சதவீதக்காரர் ஒரு ஜிம் வைத்து மாஸ்டராகியிருந்தால், தம் முறையே உலகில் சிறந்தது என்று சத்தியம் செய்து சொல்லியிருப்பார். அதில் பொய்யும் இருந்திருக்காது. அவரைப் பார்த்து அதையே செய்து பலன் காணாத பையன், தன்னிடம்தான் ஏதோ குறை என்று எண்ணியிருப்பான்.

இதற்கு மேல், புதியவரின் உடல் நடந்துகொள்ளும் விதமே வேறு. முதல் சில வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் தசைகளை நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால் வருகிறது, தசை பருப்பது அதன் பின்னர் வருகிறது என்பதை மொரிடானியும் டி வ்ரீஸும் 1979-லேயே காட்டினார்கள். ஆகையால் ஏறக்குறைய எந்த ஒழுங்கான பயிற்சியும் புதியவருக்கு முதலில் பலன் தரும். பத்து ஆண்டு தூக்கியவர் ஒரு சதவீத முன்னேற்றத்துக்காக அலசும் கேள்விகளை, முதல் மாதத்தில் இருப்பவர் தலையில் ஏற்றுவது தேவையற்ற சுமை. அவர் சொல்லும் ‘ஒரே ஒரு செட்’ கூட வேறு பொருள் உடையது. ஆண்டுக்கணக்கில் பழகிய உடல் ஒரு செட்டில் கொடுக்கும் உழைப்பை, எடை மாட்டும் கம்பியான பாரைச் சரியாகப் பிடிக்கவே கற்றுக்கொண்டிருக்கும் கை எப்படிக் கொடுக்கும்?

இப்படி ஆளைக் கண்டுபிடித்து ஒதுக்கிய பின் மிஞ்சும் சண்டை வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 49 இளைஞர்களை வைத்து 12 வாரங்கள் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கனமான எடையில் குறைந்த ரெப்ஸ் செய்தவர்களுக்கும் லேசான எடையில் அதிக ரெப்ஸ் செய்தவர்களுக்கும், இருவருமே தம்மால் முடிந்த எல்லை வரை செய்தபோது, தசை வளர்ச்சி ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. அடுத்தடுத்த பென்ச்சில் படுத்திருந்த இருவரும் தத்தம் அனுபவத்தில் சரியாகவே இருந்திருக்கிறார்கள். நாளைக்கு ஒரு பாகமா, ஒரே நாளில் முழு உடலா என்பதிலும், வாரம் முழுவதும் சேர்த்து ஒரு தசைக்கு எத்தனை செட் கிடைக்கிறது என்பதே அதிகம் பொருட்படுத்த வேண்டியது. அந்த எண்ணிக்கை சமமாக இருந்தால் நாட்களைப் பிரிக்கும் விதத்தால் பெரிய வேறுபாடு வருவதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-ல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, புதியவர்களுக்கு 8 முதல் 12 முறை தூக்க முடிகிற எடையும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாளும் போதும் என்றே பரிந்துரைத்தது.

அறிவியல் சமம் என்று சொல்லும் இடத்தில் வாழ்க்கை முறை தீர்ப்புச் சொல்லலாம். தேர்வுப் பணி, உறவில் ஒரு கல்யாணம், காதுகுத்து, ஒரு துக்கம் என்று எங்களைப் போன்றவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது தவறிப்போகும். பாகம் பிரித்துச் செய்பவருக்குச் செவ்வாய்க்கிழமை தவறினால் முதுகுக்கு அடுத்த செவ்வாய்தான். முழு உடலுக்கும் மூன்று நாள் செய்பவருக்கு ஒரு நாள் தவறினாலும் ஒவ்வொரு தசைக்கும் இரண்டு நாள் மிஞ்சுகிறது. தோளில் பாரைத் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் போன்ற ஒரு பயிற்சியை வாரத்தில் மூன்று முறை செய்து பழகுவதால் முறையும் விரைவில் கைவருகிறது. மாலை மாஸ்டரின் அறிவுரையை நான் தேர்ந்துகொண்டதற்கு இவையே காரணம். காலை மாஸ்டரிடம் அதைச் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

ஆனால் எல்லா முரண்பாட்டையும் ‘இரண்டுமே சரி’ என்று முடித்துவிட முடியாது. சில அறிவுரைகள் தவறானவை. அவற்றால் உடம்புக்குத் தீங்கும் வரலாம். ஸ்குவாட் செய்யும்போது முழங்கால் கால்விரல் நுனியைத் தாண்டவே கூடாது என்பது அவற்றுள் ஒன்று. இயற்பியல் கற்பிப்பவன் என்பதால் இதில் எனக்குத் தனி அக்கறை உண்டு. பாரும் உடலும் சேர்ந்த மொத்தத்தின் ஈர்ப்பு மையம் பாதத்துக்கு நேர் மேலே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடுவோம். முழங்காலை முன்னே போகவிடாமல் தடுத்தால் இடுப்பு பின்னுக்குத் தள்ளப்படும்; அதை ஈடுகட்ட முதுகு முன்னால் சாய வேண்டும். 2003-ல் ஏழு பேரை வைத்து, முழங்காலுக்கு முன்னால் ஒரு பலகையை நிறுத்தி அளந்து பார்த்தார்கள். முழங்காலில் விழும் திருப்பு விசை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. இடுப்பில் விழும் திருப்பு விசையோ பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. முழங்காலைக் காப்பதாக எண்ணிச் சுமையை இடுப்புக்கு மாற்றிவிடுகிறோம். தொடை எலும்பு நீளமாக உள்ளவருக்கு முழங்கால் முன்னே போகாமல் அமரவே வராது. எங்கள் ஜிம்மில் உயரமான ஒரு பையன் இந்த விதியைக் காப்பாற்றுவதற்காகக் கண்ணாடியில் முழங்காலையே பார்த்துக்கொண்டு, நெற்றி தரையை நோக்கிக் குனியும் அளவுக்கு வளைந்து எழுவதைக் கண்டு பதறியிருக்கிறேன். குதிகாலை அழுத்தி ஊன்றி, முழங்காலைத் தன் போக்கில் விடச் சொன்னதும் அவன் முதுகு நிமிர்ந்தது.

முழு ஆழம் வரை அமர்ந்து எழுவது மூட்டுத் தசைநார்களைத் தளர்த்திவிடும் என்ற அச்சமும் இப்படியே வந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன் 1961-ல் அவ்வாறு எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்களால் அதை உறுதிப்படுத்த முடியவில்லை. தண்டாலும் பஸ்கியும் எடுத்துப் பழகிய நம் ஊரில் அந்த அச்சம் இறக்குமதியாகி இன்னும் உலவுகிறது. மூட்டில் தேய்மானமோ பழைய காயமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. மற்றவர்கள் வலியின்றி எவ்வளவு ஆழம் இறங்க முடிகிறதோ அவ்வளவு இறங்கலாம்.

மறுநாள் உடம்பு வலித்தால்தான் பயிற்சி பலித்தது என்ற நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. பழகாத வேலையை, குறிப்பாகப் பாரத்தை மெல்ல இறக்கும் வேலையைச் செய்யும்போது தசை இழைகளில் உண்டாகும் நுண்ணிய சேதமே அந்த வலிக்கு முக்கியக் காரணம்; அது ஒன்றிரண்டு நாளில் உச்சத்தைத் தொட்டுத் தணியும்; அதே பயிற்சியை மீண்டும் செய்யும்போது குறைந்துவிடும். வலி குறைந்ததைக் கண்டு பயிற்சி வேலை செய்யவில்லை என்று மேலும் மேலும் செட் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சேர்ந்த முதல் நாளிலேயே புதியவரை எழுந்து நிற்க முடியாத அளவுக்கு வாட்டி எடுப்பதைச் சில கூடங்கள் ஒரு வரவேற்புச் சடங்காகவே வைத்திருக்கின்றன. அளவு மீறினால் தசை சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையே பாதிக்கும். கடும் பயிற்சிக்குப் பின் தாங்க முடியாத வலியும் வீக்கமும் இருந்து, சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்த ஒரு தகவலை மட்டுமாவது தங்கள் நாளிதழ் பெரிய எழுத்தில் வெளியிட்டால் பெரும் உதவியாக இருக்கும்.

உணவு பற்றிய முரண்பாடுகளை நான் விரித்துரைக்கப் போவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்வது பொதுமக்களின் அன்றாடத் தேவைக்கு. எடைப் பயிற்சி செய்பவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் சொல்லப்பட்டது கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரை பலன் உண்டு, அதற்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை என்பது. கேள்வி வேறு, ஆள் வேறு, ஆகவே எண்ணும் வேறு. பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கச் சொல்லும் வழக்கத்தை மட்டும் இன்றே கைவிடலாம்: வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் அளவுக்குச் செரிக்கிறது, பச்சை முட்டையில் பாதிதான் செரிக்கிறது.

புதியவருக்கு உண்மையிலேயே வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். 40 பக்க நோட்டு ஒன்றில் தேதி, பயிற்சி, எடை, ரெப்ஸ் ஆகியவற்றை மட்டும் எழுதிவருகிறேன். ஓர் எடையில் எட்டு ரெப்ஸில் தொடங்கி, மூன்று செட்டிலும் பன்னிரண்டை எட்டியதும் எடையைக் கூட்டுகிறேன். இவ்வளவுதான் என் முறை. அட்டவணையை மாற்றலாமா என்ற சபலம் வரும்போதெல்லாம் பழைய பக்கங்களைப் புரட்டினால், எண்கள் ஏறியிருக்கின்றனவா இல்லையா என்பது தெரிந்துவிடுகிறது. ஏறியிருந்தால் மாற்றத் தேவையில்லை. பிறர் சொல்லும் முறையைச் சோதிக்க வேண்டுமானாலும், குறைந்தது எட்டு வாரமாவது ஒன்றையே செய்து எழுதிவைத்தால்தான் அது தன் உடம்புக்கு ஒத்துவந்ததா என்று சொல்ல முடியும்.

இதில் ஒரு நடைமுறைத் தடையை ஜிம் உரிமையாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். சிறு ஊர்களில் பல கூடங்களில் இருக்கும் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. பாரின் இரு பக்கமும் ஒவ்வொன்று மாட்டினால் ஒரே தாவலில் 5 கிலோ கூடிவிடும். 60 கிலோ ஸ்குவாட்டில் அது தாங்கக்கூடியது. 25 கிலோவைத் தோளுக்கு மேல் தூக்கும் ஒருவருக்கு அது ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. தாங்க முடியாமல் திணறுபவர் தன் முறை தவறு என்று எண்ணி வேறு ஆலோசனையைத் தேடிப் போகிறார். அரை டஜன் 1.25 கிலோ பிளேட்டுகளை வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. பெண்கள் பயிற்சிக்கு வரும் கூடங்களில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்.

தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். எடைப் பயிற்சி பற்றிய குறிப்பு ஒவ்வொன்றின் கீழும், இது எத்தனை ஆண்டுப் பயிற்சி உள்ளவருக்கு, எந்த வயதினருக்கு, எந்த நோக்கத்துக்கு என்று இரண்டு வரி சேர்த்து அச்சிடுங்கள். ஒரு திரைப்படத்துக்காகச் சில மாதங்களில் உடம்பை மாற்றிக்கொண்ட நடிகரின் பயிற்சியை வெளியிடும்போது, அவருக்குத் தனிப் பயிற்சியாளரும் சமையல்காரரும் ஓய்வு நேரமும் இருந்தனவா என்பதையும் கேட்டு எழுதுங்கள். முரண்பட்ட இரு கருத்துகளை அடுத்தடுத்த வாரங்களில் தனித்தனியாக வெளியிடுவதைவிட, ஒரே பக்கத்தில் இருவரையும் உட்காரவைத்து, யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதைத் தெளிவுபடுத்துங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் விளையாட்டு மருத்துவர்களையும் இயன்முறை மருத்துவர்களையும் கொண்டு, புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு பகுதியைத் தொடங்கினால் எங்கள் பள்ளி நூலகத்தில் அதை முதலில் வெட்டி ஒட்டி வைப்பவன் நானாக இருப்பேன். மாநகராட்சி, ஊராட்சி உடற்பயிற்சிக் கூடங்களில் தொடக்கநிலைப் பயிற்சியை விளக்கும் பலகை ஒன்றை வைக்குமாறு அரசையும் தங்கள் தலையங்கம் கேட்டுக்கொள்ளலாம். பொதுத்தேர்வு முடிந்த ஏப்ரல், மே மாதங்களில்தான் மாணவர்கள் கூட்டமாக ஜிம்மில் சேருகிறார்கள் என்பதால், மார்ச் மாத இறுதிக்குள் இது வெளிவருமாறு பார்த்துக்கொண்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகரான ஓர் ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.